பதினேழாம் கேள்வி

9 அக்டோபர் 2001, செவ்வாய்

அலுவலகத்தில் நாள் முழுக்க செப்டம்பர் மாத மழைப் பதிவேடு. ஒரு நிலையத்தில் தொடர்ந்து பதினோரு நாள், நாளொன்றுக்குச் சரியாகப் பத்து மில்லிமீட்டர் பெய்திருக்கிறதாம். மழை அப்படிப் பெய்யாது. அளவெடுக்கிற மனிதர் வீட்டில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினேன். இருபத்தாறு வருடமாக வானிலை அலுவலகத்தில் எனக்கு இதுதான் வேலை: அடுத்தவர் எழுதிய எண்ணை நம்பாமல் இருப்பது.

வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டு மேஜையில் தட்டு வைக்க இடமில்லை. காகிதம். காவ்யா பதினோராம் வகுப்புக்குப் போனதிலிருந்து ‘மேத்ஸ் சண்டே’ என்ற ஒரே பேச்சு. புனே பள்ளிகளில் எட்டு முதல் பத்து வரை படிக்கிறவர்களுக்கு ஒரு கணிதப் போட்டி. கேள்வி அமைப்பது, தேர்வு நடத்துவது, தாள் திருத்துவது எல்லாமே பதினோராம் வகுப்புப் பிள்ளைகள். ஆசிரியர் ஒருவரும் கிடையாது. நடத்தினவர்கள் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போனதும் அடுத்தவர்கள் தலையில் கட்டிவிட்டு விலகிக்கொள்வார்கள். இந்த வருடம் ஏழு பேர். காவ்யாதான் கேள்விகளுக்குப் பொறுப்பு.

“பெரியவா யாருமே இல்லாம எப்படிடீ நடக்கும்?”

“அதான்மா பாயிண்ட்டே.”

என்ன பாயிண்ட்டோ. இரண்டு மாதத்தில் சண்டை போட்டுக்கொண்டு பிரிவார்கள்.

21 அக்டோபர், ஞாயிறு

ஏழு பேரும் நம் வீட்டில். சண்டை வரவில்லை. விதி எழுதினார்கள். நான் சமையலறையில் வேலை இருப்பது போல நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒத்துக்கொள்ள வேண்டும், யோசித்துத்தான் செய்கிறார்கள். போட்டி அன்று பெரியவர்கள் விடைத்தாளைத் தொடக்கூடாது. ஒரு தாளை இரண்டு பேர் தனித்தனி அறையில் திருத்துவார்கள். முதல் ஆள் போட்ட மதிப்பெண் இரண்டாம் ஆளுக்குத் தெரியாது. வேறுபட்டால் மூன்றாம் ஆள். விடைகளைச் சுவரில் ஒட்டியபின் இருபது நிமிடம் ஆட்சேபம் கேட்பார்கள். அதன்பின் முடிவு முடிவுதான்.

இன்னொன்று: ஒவ்வொரு கேள்விக்கும் விடை எழுத ஒரு பெட்டி. பெட்டியில் ஒரே விடை. இரண்டு எழுதினால் சுழி. “போன வருஷம் ஒருத்தன் ஒரே பாக்ஸ்ல ஆறு ஆன்சர் எழுதி, எதாவது ஒண்ணு சரியா இருக்கும்ல, மார்க் குடுன்னு அழுதான் ஆன்ட்டி” என்றான் சலீம். ஆட்சேப மேஜை அவன் பொறுப்பு. கட்கியில் அவன் அப்பாவுக்குத் தையல் கடை. வேலூர்ப் பக்கத்துக் குடும்பம். நான்கு வார்த்தை தமிழ், இரண்டு வார்த்தை ஹிந்தி என்று பேசுகிறான்.

எனக்குப் பிடித்த விதி கடைசியில் வந்தது. கேள்வி தப்பாக இருந்து பின்னால் தெரியவந்தால், எல்லாப் பள்ளிக்கும் திருத்த அறிவிப்பு போக வேண்டும். அதில் கேள்வியை அமைத்தவர் பெயரும், ‘சரி’ என்று கையெழுத்துப் போட்ட மூன்று பேர் பெயரும் இருக்க வேண்டும்.

இந்த விதி எங்கள் அலுவலகத்தில் இருந்திருந்தால் பாதிப் பேர் ராஜினாமா செய்திருப்பார்கள்.

5 நவம்பர், திங்கள்

இருபத்து மூன்று பள்ளிகள் சேர்ந்துவிட்டன, பள்ளிக்கு நான்கு பேர். வாசு கம்பெனி பஸ்ஸில் சாகண் தொழிற்பேட்டையிலிருந்து வந்து இறங்கி, மேஜையைப் பார்த்து, மகளை ஒன்றும் சொல்லாமல் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டார்.

18 நவம்பர், ஞாயிறு

காவ்யா ஒரு உறையைக் கொண்டுவந்து வைத்தாள். உள்ளே இருபது கேள்விகள், இருபது அட்டைகள். ஒவ்வொரு அட்டையிலும் ஏற்கெனவே இரண்டு கையெழுத்து.

“மூணாவது ஆள் வெளி ஆளா இருக்கணும். நீ பண்ணித் தரயாம்மா?”

“நான் பெரியவளாச்சே. தொடலாமா?”

“போட்டி அன்னிக்குத்தான் தொடக்கூடாது. இது சால்வ் பண்றது. பண்ணிட்டு சைன் போடணும்.”

கைக்கடிகாரத்தைக் கழற்றி எதிரே வைத்துக்கொண்டேன். இருபதும் நாற்பத்தெட்டு நிமிடம். ஆறாம் கேள்வியின் விடை தப்பு. பதினோராம் கேள்வியில் ‘எண்’ என்பது முழு எண்ணா என்று சொல்லவில்லை. இரண்டையும் சிவப்பு மையில் வட்டமிட்டேன். மற்ற பதினெட்டில் கையெழுத்து. பதினேழாவது பழகின எண்கள்: முக்கோணத்தின் இரண்டு பக்கம் 13, 15, அவை சேரும் முனையிலிருந்து மூன்றாம் பக்கத்துக்குக் குத்துயரம் 12, மூன்றாம் பக்கம் எவ்வளவு? ஒரு பக்கம் 5, மறுபக்கம் 9, கூட்டினால் 14. படித்து முடிக்கும்போதே விடை வந்துவிட்டது. எம்.எஸ்ஸி. முடித்து இத்தனை வருடம் ஆகியும் மறக்கவில்லையே என்று இருந்தது.

காவ்யா இரண்டு வட்டங்களையும் பார்த்துவிட்டு, “நான் சொன்னேன்ல, அம்மா கண்ல எதுவும் தப்பாது” என்று சலீமுக்குப் போன் செய்தாள். எனக்குக் கேட்கட்டும் என்று சொல்லவில்லை. ஆனால் கேட்டது.

2 டிசம்பர், ஞாயிறு

ஒத்திகை. போலி விடைத்தாள் முப்பது செய்து, திருத்திப் பார்த்தார்கள். இரண்டு இடத்தில் மதிப்பெண் வேறுபட்டது. ஏன் என்று ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். என் அலுவலகத்தில் அதிகாரி கையெழுத்துப் போடுகிற நேரம் இரண்டு நொடி.

இவர்களிடம் எனக்கு லேசாகப் பொறாமை. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

15 டிசம்பர், சனி

நாளை போட்டி. அவளைவிட எனக்குத்தான் இருப்பு கொள்ளவில்லை. ஏன்?

16 டிசம்பர், ஞாயிறு

காவ்யாவின் பழைய பள்ளியில் நடந்தது. தொண்ணூற்றிரண்டு பேர். பெற்றோர்களை வாசலுக்கு வெளியே பந்தலில் உட்கார வைத்துவிட்டார்கள். வடாபாவ், டீ. பக்கத்தில் ராஜஸ்ரீ, அலுவலகத்தில் எனக்கு அடுத்த மேஜை, பதினான்கு வருடமாக ஒன்றாக டப்பா திறக்கிறோம். அவள் பெண் முக்தா பத்தாம் வகுப்பு, போட்டியில் இருந்தாள். முதல் பத்துப் பேருக்கு ஜனவரியில் பல்கலைக்கழகக் கணிதத் துறையில் நான்கு நாள் முகாம். ராஜஸ்ரீ காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நாங்கள் ஹிந்தியும் மராத்தியும் கலந்துதான் பேசிக்கொள்வது. “உன் பொண்ணு உள்ள கோர்ட் நடத்தறா. என் பொண்ணு குற்றவாளி மாதிரி போயிருக்கா” என்றாள்.

இரண்டு மணிக்கு விடைகள் சுவரில் ஏறின. ஆட்சேப மேஜை முன்னால் வரிசை. சலீமுக்கு வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு பெண் இரண்டு முறை போனாள். இரண்டாம் முறை திரும்பி வந்து, தண்ணீர் டிரம் பக்கத்தில் நின்றிருந்த அப்பாவிடம் தமிழில் பேசினாள். அவர் காக்கிச் சட்டையில் இருந்தார், தொழிற்சாலை அடையாள அட்டை பையில் தெரிந்தது.

“என்ன பிள்ள, சொன்னியா?”

“சொன்னேம்ப்பா. ரெண்டு விடை எழுதக் கூடாதாம். ரூலாம்.”

“நீ எதுக்கு ரெண்டு எழுதுன?”

“ரெண்டு இருக்குல்லா.”

“நேரத்தப் பாத்து ஒண்ண எழுதிட்டு வர வேண்டியதுதான?”

இன்னொரு புத்திசாலி, இரண்டு பக்கமும் காலை வைக்கிறவள் என்று நினைத்துக்கொண்டேன். தமிழ் கேட்டதால் நின்றேன், அவ்வளவுதான். பேசவில்லை. யாரிடமும் நானாகப் போய்ப் பேசுகிற வழக்கம் எனக்கு இல்லை.

முக்தா பத்தாவது. ராஜஸ்ரீ என் தோளில் சாய்ந்து அழுதாள். கடைசி இடம்தான், ஆனாலும் இடம்.

ஒரு குளறுபடியும் இல்லாமல் முடித்தார்கள். வரும் வழியில் காவ்யா பஸ்ஸில் நின்றபடியே தூங்கினாள். பெரியவர்கள் இல்லாமல் நடக்காது என்று நான் நினைத்தது தப்பு என்று அவளிடம் சொல்லலாம். நாளை சொல்கிறேன்.

17 டிசம்பர், திங்கள்

ராஜஸ்ரீ பேடா கொண்டுவந்தாள். மாடி முழுக்கக் கொடுத்தாள். எனக்கு இரண்டு. ஒன்றைச் சாப்பிட்டேன்.

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, “முக்தா பதினேழாவது கேள்வியைப் பத்தியே பேசறா. ஒரு முக்கோணம். எனக்கும் புரியற மாதிரி சொல்லேன்” என்றாள்.

பழைய படிவம் ஒன்றின் பின்பக்கம் வரைந்தேன். குத்துயரம் நிமிர்ந்த கோடு, 12. இந்தப் பக்கம் 13, அடியில் 5. “சரி” என்றாள். அந்தப் பக்கம் 15, அடியில் 9. “மொத்தம் பதினாலு” என்றாள் அவளே. ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். பேனா கோட்டின் மேல் இருந்தது. 13ஐ ஏன் அந்தப் பக்கம் வரைய வேண்டும்? 15 இருக்கிற பக்கத்திலேயே வரைந்தால்? குத்துயரம் முக்கோணத்துக்கு வெளியே விழும். அப்படி விழக்கூடாது என்று கேள்வியில் எங்கே இருக்கிறது? ஒன்பதிலிருந்து ஐந்தைக் கழித்தால்

நாலு.

4, 13, 15. முக்கோணம்தான். குத்துயரம் 12தான்.

ரெண்டு இருக்குல்லா.

கையைக் காகிதத்தின் மேல் வைத்துக்கொண்டேன். “என்ன ஆச்சு?” என்றாள் ராஜஸ்ரீ. ஒன்றுமில்லை, பேனாவில் மை இல்லை என்றேன். அவள் தன் பேனாவைக் கொடுத்தாள்.

இன்னொரு பேடாவை, “இது காவ்யாவுக்கு” என்று என் பைக்குள் அவளே வைத்தாள்.

18 டிசம்பர், செவ்வாய்

சொல்லவில்லை.

19 டிசம்பர், புதன்

வாசுவிடம் மட்டும் சொன்னேன். அவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு முழுக்கக் கேட்டார். “பசங்க விளையாட்டு வனஜா. இருபது நிமிஷம் முடிஞ்சா முடிவு முடிவுன்னு அவாளே எழுதி வெச்சிருக்கா. விட்டுத் தள்ளு.”

விட்டுத் தள்ளலாம்தான். விதி அவர்கள் பக்கம் இருக்கிறது. பெட்டியில் இரண்டு விடை என்றால் சுழி. அந்தப் பெண் இரண்டு எழுதினாள். சுழி. எல்லாம் முறைப்படி.

ஒரு மதிப்பெண்ணால் எதுவும் மாறாமலும் இருக்கலாம். அந்தப் பெண் ஐம்பதாவது இடத்தில் இருக்கலாம். அப்படி இருந்தால் சொல்லியும் என்ன, சொல்லாமலும் என்ன?

—அப்படியானால் போய்ப் பார்க்க வேண்டியதுதானே. ஏன் பார்க்கவில்லை?

20 டிசம்பர், வியாழன்

பார்த்தேன். காவ்யா குளிக்கப் போனபோது முடிவுப் பட்டியலை எடுத்தேன். திருடி மாதிரி.

முக்தா, 14 மதிப்பெண், பத்தாம் இடம். அடுத்தது கட்கியிலிருந்து மா. தமிழரசி, 13. பதினேழுக்குச் சுழி. ஒரு மதிப்பெண் கொடுத்தால் இருவரும் 14. சமமாக வந்தால் யார் கடினமான கேள்வியைச் செய்திருக்கிறார்களோ அவர் முன்னே, அது அவர்கள் விதி. இருபதாம் கேள்வியைத் தமிழரசி செய்திருக்கிறாள். முக்தா செய்யவில்லை.

அதாவது நான் வாயைத் திறந்தால் ராஜஸ்ரீயின் பெண் வெளியே. திறக்காவிட்டால் காக்கிச் சட்டைக்காரரின் பெண் வெளியே. அவள் அங்கே நின்றுகொண்டு சரியான விடையைச் சொன்னாள். நான் நாலடி தள்ளி நின்று கேட்டுவிட்டு மனதுக்குள் சிரித்தேன்.

மதியம் டப்பா திறக்கும்போது ராஜஸ்ரீ முகாமுக்கு முக்தாவுக்கு ஸ்வெட்டர் வாங்கினதைச் சொன்னாள். பச்சை நிறம். நல்ல நிறம் என்றேன். மேஜை இழுப்பறையைக் காலி செய்து, துடைத்து, மறுபடி அடுக்கினேன். சாயங்காலம் பஸ்ஸில் ஏறி, இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

எதற்குப் பயப்படுகிறேன்? ராஜஸ்ரீக்கா? இல்லை, அறிவிப்பில் வரப்போகிற என் பெயருக்கா? இருபத்து மூன்று பள்ளி. நேர்மையாக எழுது. இரண்டாவதுதான் முதலில் தோன்றியது.

21 டிசம்பர், வெள்ளி

அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு வந்தேன். காவ்யா மேஜையில் உட்கார்ந்து நன்றிக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள். பேசாமல் இரண்டு முக்கோணத்தையும் வரைந்து அவள் முன்னால் வைத்தேன்.

பார்த்தாள். நேரமே ஆகவில்லை. “நாலு” என்றாள். “இது என் கேள்வி.”

“நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன்.”

“எப்போ கண்டுபிடிச்ச?”

பொய் சொல்லியிருக்கலாம். “திங்கக்கிழமை.”

“இன்னிக்கு வெள்ளி.”

“ஆமா.”

“நாலு நாளா சும்மா இருந்தியா? சாதம் போட்டே, துணி மடிச்சே, எல்லாம் பண்ணிண்டு…” அவளுக்குக் கோபம் வந்தால் தமிழ் போய்விடும், ஹிந்தியில் நாலு வார்த்தை, மறுபடி தமிழ். “உன்னை எதுக்குக் கேட்டேன் தெரியுமாம்மா? என் டீச்சர் யாரையும் கேக்கலை. நீ யாரையும் நம்ப மாட்டே, அதனாலதான் கேட்டேன். நீ என்னடான்னா எங்களை நம்பிட்டே.”

அவளை நம்பவில்லை. என்னையே நம்பிவிட்டேன்.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே போன் பேசுகிற சத்தம்.

23 டிசம்பர், ஞாயிறு

ஏழு பேரும் வந்தார்கள். என்னைக் கூடத்துக்குள் விடவில்லை. “ஆன்ட்டி, இது மீட்டிங்” என்றான் சலீம், மரியாதையாக. சமையலறையில் உட்கார்ந்து பட்டாணி உரித்தேன்.

அனகா என்கிற பெண்தான் தெளிவாகப் பேசினாள்: இருபது நிமிடம் முடிந்தால் முடிவு என்பது நாமே போட்ட விதி, அதை நாமே உடைத்தால் அடுத்த வருடம் எல்லாப் பள்ளியும் சண்டைக்கு வரும். நியாயம்தான். நான் நாலு நாள் எனக்குச் சொல்லிக்கொண்ட அதே நியாயம். இன்னொருவர் வாயில் கேட்டபோது அசிங்கமாக இருந்தது.

சலீம் ஹிந்தியில் சொன்னான்: “அவ ரெண்டு தடவை வந்தா. ரெண்டுமே வரும்னு சொன்னா. நான் பாக்ஸை மட்டும் பாத்தேன். பின்பக்கம் அவ போட்டிருந்த படத்தைப் பாக்கவே இல்லை. க்யூல பதினோரு பேர் நின்னாங்க.”

பிறகு காவ்யா, “அந்த ரூல் மத்தவங்க நம்மகிட்ட சண்டை போடக்கூடாதுன்னு போட்டது. நாம ஒளிஞ்சுக்கறதுக்குப் போட்டதில்லை” என்றாள்.

ஓட்டு எடுத்தார்கள். திருத்த வேண்டும் என்று ஐந்து, வேண்டாம் என்று இரண்டு. 14, 4, இரண்டும் – மூன்றுக்கும் மதிப்பெண் உண்டு. கேள்விதான் தப்பு, எழுதினவர்கள் இல்லை. தொண்ணூற்றிரண்டு தாளையும் எடுத்து அந்தப் பெட்டியை மட்டும் மறுபடி திருத்தினார்கள், மறுபடி இரண்டு அறையில். ஒரு அறைக்கு எங்கள் படுக்கையறை. வெறும் 4 எழுதினவர்கள் இரண்டு பேர். இரண்டும் எழுதியது ஒரே ஒருத்தி. நான் பயந்தபடியே முடிந்தது: தமிழரசி பத்து, முக்தா பதினொன்று. முகாமில் இன்னொரு இடம் கிடைக்குமா என்று துறைப் பேராசிரியர் வீட்டுக்குப் போன் செய்தார்கள். பத்து என்றால் பத்து.

கிளம்பும்போது சலீம் சமையலறை வாசலில் வந்து நின்றான். “ஆன்ட்டி, நோட்டீஸ்ல உங்க பேர் வேணாம்னா விட்டுடலாம். நீங்க பெரியவங்க. யாரும் தப்பா நெனைக்க மாட்டோம்.”

ஒரு நிமிடம் ஆசையாக இருந்தது. பிள்ளை உண்மையாகவே சொல்கிறான்.

“போடு. எம்.எஸ்ஸி.ன்னு மட்டும் போடாதே.”

சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் தலையை ஆட்டிவிட்டுப் போனான். காவ்யா சிரிக்கவில்லை.

24 டிசம்பர், திங்கள்

அறிவிப்பு தபாலில் போய்ச் சேருமுன் நானே சொல்லிவிட வேண்டும் என்று காலையிலேயே ராஜஸ்ரீயிடம் போனேன். படம் வரைந்தேன். இந்த முறை இரண்டும்.

அவள் வெகுநேரம் காகிதத்தைப் பார்த்தாள். “உன் பொண்ணு தப்பு பண்ணினா. நீ சரின்னு எழுதினே. என் பொண்ணு என்ன பண்ணினா?”

“ஒண்ணும் பண்ணலை.”

“அப்புறம் ஏன் அவ வெளிய போகணும்?”

இன்னொரு பெண் ஒன்றும் செய்யாமலே வெளியே இருந்தாள் என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. சரியான பதில்தான், ஆனால் பதில் சொல்கிற நேரமில்லை அது.

“திங்கக்கிழமையே தெரியுமா?”

“தெரியும்.”

“ஒரு வாரம். ஸ்வெட்டர் வாங்கினேன்னு சொன்னேன், நல்ல நிறம்னியே. பேடாவை வீட்டுக்குக் கொண்டு போனியே. எப்படி வனஜா?”

சண்டை போட்டிருந்தால் தேவலை. பதிவேட்டைத் திறந்து வேலையைப் பார்க்க ஆரம்பித்தாள். மதியம் அவள் டப்பா பெண்கள் அறையில் திறந்தது. என்னுடையது என் மேஜையில்.

அந்தப் பேடா இன்னும் ஃப்ரிட்ஜில் இருக்கிறது. காவ்யாவிடம் கொடுக்கவே இல்லை.

30 டிசம்பர், ஞாயிறு

சிவாஜிநகரில் லோக்கல் ஏறி கட்கி போனோம். நான், காவ்யா, சலீம். கடிதமாக அனுப்பக்கூடாது, நேரில் சொல்ல வேண்டும் என்பது காவ்யாவின் முடிவு. ரயிலில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு.

தொழிற்சாலைக் குடியிருப்பில் இரண்டாவது வரிசை. அவள் அப்பா மாடசாமி. திருநெல்வேலிப் பக்கம், இங்கே வந்து முப்பது வருடம். எங்களைப் பார்த்ததும் ஏதோ புகார் என்று நினைத்துவிட்டார். “அன்னைக்கு இவ மேசையில ரெண்டு தடவ போயி எதுவும் பேசிட்டாளாம்மா? வாய் கொஞ்சம் கூடுதல் இவளுக்கு.”

காவ்யா எழுந்து நின்று சொன்னாள். தமிழில்தான் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருப்பாள் போல. “உங்க ஆன்சர் சரி. எங்க கேள்விதான் தப்பு. நீங்க பத்தாவது. சாரி.” சலீமும் சொன்னான்: “நான் ஒங்க படத்தைப் பாக்கல. பாத்திருக்கணும்.”

தமிழரசி கதவு நிலையைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். சந்தோஷப்படவில்லை. நோட்டீஸை வாங்கி நிதானமாகப் படித்தாள்.

“மூணு பேரு பாத்திருக்காங்கல்லா. மூணு பேருக்குமா தெரியல?”

“மூணாவது நான்” என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “நீங்க படம் போட்டுப் பாக்கலியா ஆன்ட்டி?”

“போடலை.”

“ஏட்டி, பெரியவங்கட்ட என்ன பேச்சு” என்றார் மாடசாமி.

“கேக்கட்டும்” என்றேன்.

“நானும் மொத பதினாலுதான் எழுதுனேன்” என்றாள் அவள், எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி. “கடைசில அஞ்சு நிமிசம் மிச்சம் இருந்துச்சு. சும்மா இருக்க முடியாம திருப்பிப் போட்டுப் பாத்தேன்.” பிறகு, “அப்ப, மொதல்ல பத்தாவதா வந்த பிள்ள?”

“பதினொண்ணு” என்றாள் காவ்யா.

“அவ தப்பா எதுவும் செய்யலியே?”

“இல்லை.”

“அவளுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

மாடசாமி குறுக்கே வந்தார். “அத நீ யோசிக்காண்டாம் பிள்ள. ஒனக்குள்ளத ஒனக்குக் குடுக்காங்க. போயிட்டு வா.” டீ வந்தது. தமிழரசி குடிக்கவில்லை, எங்கள் மூவர் கோப்பையும் காலியாகும் வரை நோட்டீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் செருப்புப் போடும்போது, “வாரேன்னு சொல்லிருங்கக்கா” என்றாள் காவ்யாவிடம்.

திரும்பும்போது ரயிலில் கூட்டம். காவ்யா என் தோள்பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். “நீ சொல்லாம இருந்திருக்கலாம்மா. யாருக்கும் தெரிஞ்சிருக்காது” என்றாள். பாராட்டா, குற்றமா என்று அவள் முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

7 ஜனவரி 2002, திங்கள்

அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. கணக்கர் பாலசுப்ரமணியன் கோப்பை நீட்டி, “மேடம், படம் போட்டுப் பாத்துட்டு சைன் பண்ணுங்கோ” என்றார். சிரித்தேன். ராஜஸ்ரீ தலை நிமிரவில்லை.

14 ஜனவரி, திங்கள்

சங்கராந்தி. எள்ளும் வெல்லமும் சேர்ந்த உருண்டையைக் கொடுத்து, ‘இனிமையாகப் பேசுங்கள்’ என்று சொல்வது இங்கே வழக்கம். ராஜஸ்ரீ மாடி முழுக்கக் கொடுத்தாள், ஒவ்வொருவரிடமும் அதைச் சொன்னாள். என் மேஜையிலும் ஒன்று வைத்தாள். அதை மட்டும் சொல்லவில்லை.

வைத்தாளே.

27 ஜனவரி, ஞாயிறு

முகாம் முடிந்தது. காவ்யா உதவிக்குப் போயிருந்தாள். தமிழரசி முதல் இரண்டு நாள் வாய் திறக்கவில்லையாம், மூன்றாம் நாள் பேராசிரியரிடம் போய், கரும்பலகையில் அவர் போட்ட ஒரு வரி எப்படி வந்தது என்று கேட்டாளாம். அவர் மறுபடி பார்த்துவிட்டு அழித்தாராம்.

சந்தோஷமாகத்தான் இருந்தது. பச்சை ஸ்வெட்டர் ஞாபகம் வராமல் இருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். நான் செய்தது சரி. சரியைத் தாமதமாகச் செய்தேன். இரண்டையும் ஒன்றாகக் கூட்டிப் பார்க்கத் தெரியவில்லை எனக்கு.

22 மார்ச், வெள்ளி

ராஜஸ்ரீ கீழ்த்தளத்துக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டாள். என்னால் இல்லை, முழங்கால் வலி, மாடிப்படி ஏற முடியவில்லை என்று சொல்கிறார்கள். இருக்கலாம். அவள் மேஜையில் புதிதாக வந்த பையன் ரேடியோ வைத்திருக்கிறான்.

14 ஜூலை, ஞாயிறு

காவ்யா பன்னிரண்டாம் வகுப்பு. போட்டியை அடுத்தவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். புதுக் குழு அடுத்த ஞாயிறு நம் வீட்டில் கூடுகிறது. தமிழரசி பதினோராம் வகுப்பில் சேர்ந்துவிட்டாள், வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். விதிகளில் இரண்டை மாற்றப் போகிறார்களாம். எவை என்று என்னிடம் சொல்லவில்லை.

மதியம் காவ்யா வெளியே போயிருந்தபோது போன். “ஆன்ட்டி, நான் முக்தா.” மராத்தியில் தயங்கித் தயங்கிப் பேசினாள். அவளும் இப்போது பதினொன்று. கேள்வி சரிபார்க்கிற குழுவில் சேரலாமா என்று கேட்டாள். “பதினேழாவதுல என் தாளைக் காவ்யாக்கா காட்டினா ஆன்ட்டி. நான் முதல்ல நாலுன்னு எழுதி அழிச்சிருக்கேன். எனக்கே மறந்து போச்சு. அதிலேர்ந்து ஒரே யோசனை.”

சேரலாம் என்று சொல்ல ஒரு நொடி போதும். “அம்மாவுக்குத் தெரியுமா?” என்று கேட்டேன்.

“அம்மாகிட்ட சொல்ல வேண்டாமே” என்றாள்.

“கேட்டுட்டு வாம்மா. கேக்காம இந்த வீட்டுக்கு வராதே.”

வைத்துவிட்டாள். கடுமையாகச் சொல்லிவிட்டேனோ? குழந்தை. ஏழு மாதம் கழித்துத் தானாகக் கூப்பிட்டிருக்கிறாள். நமக்கென்ன, வரட்டும் என்று விட்டிருக்கலாம். பால்கனிக்குப் போனேன், திரும்பி வந்தேன். வாசு, “என்ன, கால் நிக்க மாட்டேங்கறது?” என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

முக்கால் மணி நேரம் கழித்து மறுபடி மணி அடித்தது.

“கேட்டேன் ஆன்ட்டி.”

“என்ன சொன்னா?”

“யார் வீட்லன்னு கேட்டா. உங்க வீட்லன்னு சொன்னேன். சமையலறைக்குப் போயிட்டா. அப்புறம் அங்கேர்ந்தே, எத்தனை மணிக்குன்னு கேட்டா.”

பத்து மணிக்கு என்றேன்.